மின்னஞ்சலைத் தானே திறக்கும் நிரல்

மாவட்ட அலுவலகம் ஒன்றுக்கு 40 நிலையங்களிலிருந்து நாள்தோறும் காலையில் அறிக்கைகள் வருகின்றன என்று வைத்துக்கொள்க. மழையளவு, பயிர்நோய், கால்நடைத் தடுப்பூசி ஆகியவற்றுள் எதைப் பற்றியதாயினும், அறிக்கை மின்னஞ்சலின் இணைப்பாக வந்து சேர்கின்றது. ஊழியர் ஒருவர் கணிப்பொறியின் முன் அமர்ந்து, உலாவியைத் திறந்து, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டி, அஞ்சல்களை ஒவ்வொன்றாகப் படித்து, இணைப்பைப் பிரித்து உரிய கோப்பில் சேர்க்கின்றார். ஓர் அஞ்சலுக்கு 2 நிமிடம் செலவாகுமெனின், 40 அஞ்சல்களுக்கு 80 நிமிடம் ஆகும். களத்திற்குச் செல்லவேண்டிய காலைப் பொழுது இவ்வாறு கழிந்துவிடுகின்றது.

இவ்வேலையை இயந்திரமே செய்தால் என்ன என்னும் எண்ணம் எழுவது இயல்பே. ‘ஸ்கிரிப்ட்’ என்று வழங்கும் சிறு நிரல் ஒன்றை எழுதி, குறித்த நேரத்தில் அது தானே அஞ்சற்பெட்டியைத் திறந்து, அறிக்கைகளை எடுத்து வைக்குமாறு செய்தல் கூடும். சில பத்து வரிகளில் இதனை எழுதிவிடலாம். ஆனால் அந்நிரலுக்கு அஞ்சற்பெட்டியின் திறவுகோலை எவ்வாறு கொடுப்பது என்பதே இதிலுள்ள கடினமான வினா. அவ்வினாவைத் தெளிவாக விளங்கிக்கொள்ளத் துணை செய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடவுச்சொல் தோன்றிய வரலாறு

ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே காலத்தில் பயன்படுத்தும் முறை, அமெரிக்காவிலுள்ள மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் செய்து காட்டப்பட்டது. பெர்னாண்டோ கோர்பாட்டோ என்னும் விஞ்ஞானியின் தலைமையில் உருவான அவ்வமைப்பில், ஒருவருடைய கோப்பை மற்றவர் தொடாதிருத்தற்பொருட்டு ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல் அளிக்கப்பட்டது.

அதற்கு அடுத்த ஆண்டிலேயே கடவுச்சொல்லின் குறையும் வெளிப்பட்டது. ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணிப்பொறி நேரம் போதாமையால், கடவுச்சொற்கள் அனைத்தும் எழுதப்பட்டிருந்த கோப்பை அச்சிட்டுத் தருமாறு துளையட்டை வழியே கேட்டார். இயந்திரமும் அச்சிட்டுத் தந்தது. பூட்டு எத்துணை வலியதாயினும், திறவுகோல்கள் அனைத்தும் படிக்கத்தக்க எழுத்தில் ஓரிடத்தில் இருக்குமாயின் பூட்டினால் பயனில்லை என்பதை இந்நிகழ்ச்சி காட்டியது. இப்பாடம் இக்கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் தேவைப்படும்.

அதே கணிப்பொறியில் 1965 ஆம் ஆண்டில், பயனர் ஒருவர் மற்றொருவருக்குச் செய்தி விட்டுச்செல்லும் வசதி சேர்க்கப்பட்டது. ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொரு கணிப்பொறிக்கு வலைப்பின்னல் வழியே அஞ்சல் அனுப்பும் முறையை 1971 ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் நிறைவேற்றினார். முகவரியில் ஆளின் பெயரையும் பொறியின் பெயரையும் பிரிக்கும் ‘அட்’ என்னும் குறியைத் தேர்ந்தவரும் அவரே.

உலாவியின் வழியாக எவ்விடத்திலிருந்தும் அஞ்சலைப் படிக்கும் வலைவழி அஞ்சல் இதற்குக் கால் நூற்றாண்டு பிற்பட்டது. பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியாவும் அவருடைய தோழர் ஜாக் ஸ்மித்தும் 1996 ஜூலை 4 ஆம் நாள் தொடங்கிய ஹாட்மெயில், இவ்வகைச் சேவைகளுள் முன்னோடியாக விளங்கியது. சொந்தக் கணிப்பொறி இல்லாதவரும் அஞ்சற்பெட்டி வைத்துக்கொள்ளும் நிலை இதனால் ஏற்பட்டது.

உள்நுழையும்போது நிகழ்வது யாது?

இயந்திரத்தின் உள்நுழைவை அறிவதற்கு முன், மனிதர் உள்நுழையும்போது நிகழ்வதை அறிதல் வேண்டும். உலாவியும், அஞ்சலைக் காத்து வைக்கும் ‘சர்வர்’ எனப்படும் சேவையகமும் ஒன்றோடொன்று பேசும் நெறிமுறைக்கு ‘எச்.டி.டி.பி.’ என்று பெயர். இந்நெறிமுறைக்கு இயல்பாக நினைவாற்றல் கிடையாது. ஒரு வேண்டுகோள் வரும், அதற்கு விடை செல்லும், அத்துடன் அப்பேச்சு முடிந்துவிடும். அடுத்த வேண்டுகோளை அனுப்புபவர் முன்பு வந்தவரா, புதியவரா என்பதை நெறிமுறை அறியாது.

ஆகவே உள்நுழைவு பின்வரும் படிகளில் நிகழ்கின்றது.

முதலாவதாக, உலாவி உள்நுழைவுப் பக்கத்தைக் கேட்டுப் பெறுகின்றது. அப்பக்கத்தில் பெயருக்கும் கடவுச்சொல்லுக்கும் உரிய கட்டங்கள் உள்ளன. கண்ணுக்குத் தெரியாத மறைகட்டம் ஒன்றும் பெரும்பாலும் உண்டு. அதில் சேவையகம் ஒவ்வொரு முறையும் புதிதாக இடும் குறியெண் இருக்கும். படிவம் தான் கொடுத்த பக்கத்திலிருந்தே திரும்பி வருகின்றதா, அயலார் எவரேனும் இடையில் புகுத்தியதா என்பதைச் சேவையகம் அக்குறியெண்ணால் அறிந்துகொள்கின்றது.

இரண்டாவதாக, நிரப்பப்பட்ட படிவம் மறையீடு செய்யப்பட்ட இணைப்பின் வழியே சேவையகத்தை அடைகின்றது. நன்கு அமைந்த சேவையகம் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைத்திருப்பதில்லை. ‘ஹாஷ்’ என்னும் கணித முறையால் அதனை வேறொரு குறியாக மாற்றி, அக்குறியை மட்டுமே வைத்திருக்கும். அரிசியை மாவாக்கலாம், மாவை மீண்டும் அரிசியாக்க இயலாது. அதுபோல, அக்குறியிலிருந்து கடவுச்சொல்லை நேரே மீட்டெடுக்க வழியில்லை. வந்த சொல்லையும் அதே முறையில் மாற்றி, இரண்டு குறிகளும் ஒத்திருப்பின் சேவையகம் நுழைய விடுகின்றது.

மூன்றாவதாக, சேவையகம் ‘குக்கி’ என்னும் அடையாளச் சீட்டை உலாவிக்கு அளிக்கின்றது. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மாண்டுல்லி 1994 ஆம் ஆண்டில் இதனை வகுத்தார். இதன் பின்னர் உலாவி ஒவ்வொரு வேண்டுகோளுடனும் அச்சீட்டைச் சேர்த்து அனுப்புகின்றது. நினைவாற்றல் அற்ற நெறிமுறைக்கு நினைவை ஊட்டுவது இச்சீட்டே. வெளியேறும் பொத்தானை அழுத்தினால் சீட்டு செல்லாததாகிவிடும்.

மனிதரைப்போல் நடிக்கும் நிரல்

மேற்கூறிய படிகள் யாவும் இயந்திரங்களுக்கிடையே நிகழ்பவையே. ஆகவே நிரலும் அவற்றைச் செய்ய இயலும். அதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

ஒன்று, உலாவியே இல்லாமல் நிரல் நேரே வேண்டுகோள்களை அனுப்புவது. அது பக்கத்தைப் பெற்று, மறைகட்டத்திலுள்ள குறியெண்ணைப் பிரித்தெடுத்து, பெயருடனும் கடவுச்சொல்லுடனும் சேர்த்துத் திருப்பியனுப்பி, கிடைத்த சீட்டைக் காத்து வைத்துக்கொள்ளும். மற்றொன்று, உண்மையான உலாவியையே நிரலால் இயக்குவது. 2004 ஆம் ஆண்டில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய ‘செலினியம்’ என்னும் கருவி இதற்குப் பெயர்பெற்றது. வலைத்தளங்களைச் சோதிப்பதற்கென்றே அது பிறந்தது. உலாவியை இவ்வாறு இயக்கும் முறை 2018 ஆம் ஆண்டில் உலக வலைச் சங்கத்தின் தரமாகவும் ஏற்கப்பட்டது.

தம்முடைய தளத்தைத் தாமே சோதிப்பவர்க்கு இவை சிறந்த கருவிகளே. ஆனால் பிறர் நடத்தும் அஞ்சற்சேவையில் நாள்தோறும் நுழைவதற்கு இவை உறுதியான துணையாகா. அதற்குக் காரணங்கள் மூன்று.

பக்கத்தின் அமைப்பு முன்னறிவிப்பின்றி மாறும். கட்டத்தின் பெயர் ஒன்று மாறினாலும் நிரல் நின்றுவிடும். மனிதர் கண்ணால் பார்த்துச் சமாளித்துக்கொள்வதை நிரல் செய்யமாட்டாது.

அடுத்து, வருபவர் மனிதரா இயந்திரமா என்று பிரித்தறியும் சோதனைகளைச் சேவையாளர்களே வைத்திருக்கின்றனர். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மானுவல் பிளம், லூயிஸ் வான் ஆன் முதலியோர் 2000 ஆம் ஆண்டில் உருவாக்கத் தொடங்கிய ‘கேப்ச்சா’ இவ்வகையினது. கோணலான எழுத்துகளைப் படிக்கச் சொல்வதும், படங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதும் இச்சோதனையின் வடிவங்களாம். ஒருவர் ஆயிரம் பொய்க் கணக்குகளைத் தொடங்குவதையும், திருடிய கடவுச்சொற்களை நிரலால் வரிசையாகச் சோதித்துப் பார்ப்பதையும் தடுப்பதற்கு இவை வைக்கப்பட்டுள்ளன. நல்லெண்ணத்துடன் எழுதப்பட்ட நிரலும் அவ்வாயிலில் திருடனைப்போலவே தோன்றும். அதனை ஏமாற்றிக் கடக்க முயல்வது முறையன்று. பல சேவைகளின் விதிகளுக்கும் அது மாறானது.

மூன்றாவது காரணம் இரண்டாம் படிச் சரிபார்ப்பு ஆகும். கடவுச்சொல்லோடு, கைப்பேசியில் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறிலக்க எண்ணையும் சேவையகம் கேட்கின்றது. அறிந்தது ஒன்று, கையில் வைத்திருப்பது ஒன்று என இரண்டும் இருந்தால்தான் நுழைய முடியும். நிரலின் வசதிக்காக இப்பாதுகாப்பை நீக்கிவிடுவோர் சிலர் உளர். கொல்லைப்புறத்தில் கோழி சென்றுவரக் கதவைத் திறந்து வைத்துவிட்டு உறங்குவதை அது ஒக்கும்.

இயந்திரத்துக்கென அமைந்த வாயில்

அஞ்சலை நிரல் படிப்பதற்கென்றே தனி நெறிமுறைகள் வலைவழி அஞ்சலுக்கும் முன்பே தோன்றியுள்ளன. 1984 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ‘பாப்’ என்பது ஒன்று. அஞ்சல் நிலையத்துக்குச் சென்று கட்டினைப் பெற்று வீட்டிற்குக் கொண்டுவருதல் போன்றது அது. மற்றொன்று ‘ஐமேப்’. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் 1986 ஆம் ஆண்டில் இதனை வகுத்தார். இதில் அஞ்சல்கள் சேவையகத்திலேயே இருக்கும். வேண்டியவற்றை வேண்டியபோது படித்துக்கொள்ளலாம். இதன் திருத்திய வடிவம் 2021 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மறையீடு செய்யப்பட்ட ஐமேப் இணைப்புக்கு 993 என்னும் வாயில் எண் வழங்கப்படுகின்றது.

ஐமேப் உரையாடல் எளிமையானது. நிரல் ஒவ்வொரு கட்டளைக்கும் முன் ஒரு தொடர் எண்ணை இடும். சேவையகம் அதே எண்ணைக் குறித்து, நிறைவேறியது, நிறைவேறவில்லை, கட்டளை பிழையானது என மூன்று வகையுள் ஒன்றாக விடையளிக்கும். அலுவலகத்து வரவுப் பதிவேட்டின் எண்ணை மேற்கோள் காட்டிப் பதில் எழுதுவதை இது ஒக்கும். நிரல் முதலில் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். பின்னர்ப் பெட்டியைத் திறக்கும். படிக்கப்படாதவற்றைத் தேடும். அவற்றுள் வேண்டியவற்றைக் கொணரும். இறுதியில் விடைபெறும்.

பெட்டியைத் திறப்பதற்கு ‘செலக்ட்’, ‘எக்ஸாமின்’ என்று இரு கட்டளைகள் உள்ளன என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. முன்னது எழுதவும் அழிக்கவும் இடம்தருவது. பின்னது பார்ப்பதற்கு மட்டும் திறப்பது. அறிக்கைகளைச் சேகரிக்கும் நிரல் பின்னதையே பயன்படுத்துதல் நன்று. நிரலில் பிழை இருப்பினும் அப்பொழுது ஓர் அஞ்சலும் அழியாது. படித்தவை என்னும் குறியும் ஏறாது. ஆகவே ஊழியர் பெட்டியைத் திறக்கும்போது புதிய அஞ்சல்கள் புதியனவாகவே காணப்படும். படிக்கப்படாதவை எவை என்னும் குறியை இவ்வாறு நம்ப இயலாதாகையால், எவ்வஞ்சல்களை எடுத்துவிட்டது என்பதை நிரல் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பைத்தான் என்னும் நிரல்மொழியின் நிலையான நூலகத்திலேயே ஐமேப் பேசும் பகுதி அடங்கியுள்ளது. தனியாக எதையும் விலைகொடுத்து வாங்க வேண்டுவதில்லை. வாயிலும் உண்டு, மொழியும் உண்டு. எஞ்சியிருப்பது திறவுகோல் பற்றிய வினாவே.

நிரலில் எழுதிய கடவுச்சொல்

சேவையகம் கடவுச்சொல்லை அறியாமலே அதனைச் சரிபார்க்க வல்லது என்று முன்னர்க் கண்டோம். நிரலுக்கு அந்த வசதி இல்லை. அது சரிபார்ப்பதன்று, சொல்லிக் காட்டுவது. சொல்லிக் காட்ட வேண்டுமாயின் உண்மையான சொல் அதன் கையில் இருத்தல் வேண்டும். அச்சொல்லை மறையீடு செய்து வைத்தாலும், அதனை நீக்கும் சாவியும் நிரலுக்கு எட்டுமிடத்தில் இருந்தாக வேண்டும். ஆகவே கடவுச்சொல் எழுதிய நிரல் எங்கெல்லாம் செல்கின்றதோ, அங்கெல்லாம் அஞ்சற்பெட்டியின் திறவுகோலும் செல்கின்றது. 1962 ஆம் ஆண்டில் அச்சிடப்பட்ட அந்தக் கோப்பின் நிலைதான் இதற்கும்.

நிரல் பயணம் செய்யும் வழிகள் பல. அண்டை வட்டத்து ஊழியர் கேட்டார் என்று பென்டிரைவில் நகல் எடுத்துக் கொடுக்கப்படுகின்றது. பழுது பார்க்கக் கணிப்பொறி கடைக்குச் செல்கின்றது. பிழை திருத்தித் தருமாறு நிரல் வேறொருவருக்கு அனுப்பப்படுகின்றது. நிரல்களைப் பொதுவில் வைக்கும் களஞ்சியத்தில் ஏற்றப்படுகின்றது. களஞ்சியத்திலிருந்து பின்னர் அவ்வரியை நீக்கினாலும், முந்தைய படிகள் வரலாற்றுப் பதிவில் தங்கியிருக்கும். வெளியான கடவுச்சொல்லை மாற்றுவதே அதற்கு மருந்து. வரியை அழிப்பது மருந்தாகாது.

அஞ்சற்பெட்டியின் கடவுச்சொல் ஏனைய கடவுச்சொற்களைப் போன்றதன்று. வேறு பல சேவைகளில் கடவுச்சொல்லை மறந்தால், புதிது அமைக்கும் இணைப்பு அஞ்சற்பெட்டிக்கே வருகின்றது. எனவே அதனைப் பெற்றவர் மற்றப் பல கதவுகளையும் திறக்க இயலும். மேலும், கள அலுவலகத்தின் அஞ்சற்பெட்டியில் ஊழியருடைய செய்திகள் மட்டும் இருப்பதில்லை. உழவர்களின் நிலவிவரம், வங்கிக் கணக்கு எண், மாணவர்களின் பிறந்த நாள், நோயாளிகளின் பெயர் ஆகியவை அறிக்கைகளில் அடங்கியிருக்கக்கூடும். தம் விவரம் எந்தக் கோப்பில் உள்ளது என்பதையே அறியாத அம்மக்களுக்கு, அது வெளியானதும் தெரியாது. ஊழியரின் கவனம் ஒன்றே அவர்களுக்குக் காவல்.

காத்து வைத்த குக்கிச் சீட்டைப் பற்றியும் ஒன்று சொல்லுதல் வேண்டும். கடவுச்சொல்லை எழுதாமல், ஒருமுறை கையால் நுழைந்து பெற்ற சீட்டை மட்டும் நிரலுக்குக் கொடுப்பதும் வழக்கத்தில் உண்டு. அச்சீட்டு இரண்டாம் படிச் சரிபார்ப்பும் முடிந்தபின் கிடைத்தது. ஆகவே அதனைக் கவர்ந்தவர்க்கு, அது செல்லுபடியாகும் வரை, பெரும்பாலும் கடவுச்சொல்லும் வேண்டாம், கைப்பேசியும் வேண்டாம்.

திறவுகோலுக்கு மாறாக அனுமதிச் சீட்டு

இச்சிக்கலுக்குத் தீர்வாக அமைந்ததே ‘ஓஆத்’ என்னும் முறை. இதன் இரண்டாம் வடிவம் 2012 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தரமாக வெளியிடப்பட்டது. நிரலுக்குக் கடவுச்சொல்லைக் கொடாமல், வரம்புக்குட்பட்ட அனுமதியை மட்டும் கொடுப்பது இதன் தத்துவம்.

இது நிகழும் விதம் வருமாறு: நிரல் முதன்முறை இயங்கும்போது, உரிமையாளரை அஞ்சற்சேவையின் பக்கத்துக்கு அனுப்புகின்றது. அவர் அங்கே, சேவையாளரிடத்தில் மட்டும், கடவுச்சொல்லையும் இரண்டாம் படி எண்ணையும் தருகின்றார். இன்ன நிரல் இன்ன செயலுக்கு அனுமதி கேட்கின்றது, இசைவு உண்டா என்று சேவையகம் வினவுகின்றது. இசைந்தால் நிரலுக்கு இரண்டு சீட்டுகள் வழங்கப்படுகின்றன. ஒன்று அணுகற் சீட்டு. இது குறுகிய காலமே செல்லும். கூகிள் நிறுவனம் வழங்குவது வழக்கமாக 1 மணி நேரத்துக்குரியது. மற்றொன்று, காலம் முடிந்தபின் புதிய அணுகற் சீட்டைப் பெறுவதற்கான புதுப்பிப்புச் சீட்டு. நிரல் அதன்பின் தானே இயங்கும். கடவுச்சொல்லை அது ஒருபோதும் கண்டதில்லை.

இம்முறையின் சிறப்புகள் மூன்று. அனுமதிக்கு எல்லை உண்டு. எடுத்துக்காட்டாக, ஜிமெயில் சேவை நிரல்களுக்கென வைத்துள்ள ‘ஏபிஐ’ வாயிலில், அஞ்சலைப் படிக்க மட்டும் அனுமதி பெறலாம். அச்சீட்டால் அஞ்சல் அனுப்பவோ அழிக்கவோ இயலாது. இரண்டாவது, அனுமதியைத் தனியே திரும்பப் பெறலாம். கணிப்பொறி களவு போயின், கணக்கின் அமைப்புப் பக்கத்தில் அந்நிரலின் பெயரை நீக்கினால் போதும். மூன்றாவது, எந்த நிரலுக்கு அனுமதி உள்ளது என்னும் பட்டியல் உரிமையாளரின் கண்முன் இருக்கும். எனினும் புதுப்பிப்புச் சீட்டும் காக்கப்பட வேண்டிய பொருளே. அதனை நிரலுக்குள் எழுதாமல், அக்கணக்கினர் மட்டும் படிக்கக்கூடிய தனிக் கோப்பிலோ, இயங்குதளத்தின் சாவிக் காப்பகத்திலோ வைத்தல் வேண்டும்.

பெரிய அஞ்சற்சேவைகள் இம்முறையைக் கட்டாயமாக்கி வருகின்றன. கடவுச்சொல்லை மட்டும் காட்டி நுழையும் நிரல்களுக்குக் கூகிள் நிறுவனம் தனியார் கணக்குகளில் 2022 மே 30 முதல் இடமளிப்பதை நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம், நிறுவனங்களுக்கான தன் அஞ்சற்சேவையில் 2022 அக்டோபர் 1 முதல் படிப்படியாகவும், தனியார் அவுட்லுக் கணக்குகளில் 2024 செப்டம்பர் 16 முதலும் அதனை நிறுத்தியது. பழைய நிரல் திடீரென நின்றுபோனமைக்கு இது காரணமாதல் கூடும்.

ஓஆத் முறையை அமைக்க இயலாதவிடத்து, ‘செயலிக் கடவுச்சொல்’ என்னும் இடைவழி சில சேவைகளில் உண்டு. கூகிள் அளிப்பது 16 எழுத்துகள் கொண்டது. இரண்டாம் படிச் சரிபார்ப்பை வைத்திருப்பவர்க்கே அது கிடைக்கும். அதனைத் தனியே நீக்கலாம் என்பது நன்மை. ஆனால் அது படிக்க மட்டும் என்னும் எல்லைக்குட்பட்டதன்று. அஞ்சற்பெட்டி முழுவதையும் திறக்கும். ஆதலால் இதனை இரண்டாந்தரமான வழியாகவே கொள்ளுதல் வேண்டும்.

நிரல் வேண்டாத இடங்கள்

நிரல் எழுதுமுன், நிரல் தேவைதானா என்று ஆராய்தல் நன்று. குறிப்பிட்ட பொருள்வரி உள்ள அஞ்சல்களைத் தனி உறையில் சேர்ப்பதற்கும், மற்றொரு முகவரிக்குத் திருப்பிவிடுவதற்கும் அஞ்சற்சேவையிலேயே வடிகட்டும் விதிகள் உள்ளன. இவ்விதிகளுக்கு உள்நுழைவே வேண்டியதில்லை. அறிக்கைகளை மட்டும் பெறுவதற்கென்று அலுவலகத்தின் இசைவுடன் தனி முகவரி ஒன்றை அமைத்து, நிரல் அப்பெட்டியை மட்டும் திறக்குமாறு செய்தல் மிகவும் சிறந்தது. நிரல் தவறினாலும் இழப்பு அப்பெட்டியளவில் நின்றுவிடும். ஊழியர் மாற்றலாகிச் செல்லும்போது பெட்டி பதவியுடன் தங்கும். அவருடைய சொந்தக் கடவுச்சொல் அவருடன் செல்லும்.

சட்டமும் ஒழுங்கும்

ஒருவர் தம் பெட்டியைத் தாமே நிரலால் திறப்பதும், பிறர் பெட்டியைத் திறப்பதும் ஒன்றல்ல. 2000 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43 ஆம் பிரிவில், உரிமையாளரின் இசைவின்றிக் கணிப்பொறி அமைப்பை அணுகுதலைத் தவறாகக் குறிக்கின்றது. பின்னர் சேர்க்கப்பட்ட 66-சி பிரிவின்படி, மற்றொருவரின் கடவுச்சொல்லை வஞ்சகமாகப் பயன்படுத்துவோர்க்கு 3 ஆண்டு வரை சிறையும், 1 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். அரசு அஞ்சற்கணக்கை நிரலால் திறக்க விரும்புவோர், அதனை நிருவகிக்கும் அலுவலரின் எழுத்து மூலமான அனுமதியை முன்னரே பெறுதல் வேண்டும்.

நிரலும் ஒழுங்குடன் நடத்தல் வேண்டும். நாளுக்கு ஒரு முறை வரும் அறிக்கைக்காக நிமிடத்துக்கு ஒரு முறை கதவைத் தட்டுதல் தகாது. நுழைவு மறுக்கப்பட்டால் நிரல் மீண்டும் மீண்டும் முயலாமல் நின்று, ஊழியருக்கு அறிவித்தல் வேண்டும். தொடர்ந்து முயன்றால் கணக்கே பூட்டப்பட்டு, மனிதரும் நுழைய இயலாத நிலை ஏற்படும். எந்நேரத்தில் திறந்தது, எத்தனை அஞ்சல் எடுத்தது என்னும் குறிப்பை நிரல் நாள்தோறும் எழுதி வைத்தல் வேண்டும். அக்குறிப்பில் கடவுச்சொல்லோ சீட்டோ இடம்பெறலாகாது. 40 அறிக்கைகளுக்கு 37 மட்டும் வந்திருப்பின், வராத மூன்று நிலையங்கள் எவை என்பதையும் அது தெரிவிக்குமாயின் ஊழியர்க்கு உண்மையான உதவியாகும்.

வகுப்பில் செய்து காட்டும் முறை

கணிப்பொறி இல்லாத பள்ளியிலும் இத்தத்துவத்தை ஆசிரியர் செய்து காட்டலாம். ஒரு மாணவரை வாயிற்காவலராக நிறுத்துக. அவருக்கு நினைவாற்றல் இல்லை என்று விதி வகுக்க. வருபவர் ஒவ்வொரு முறையும் இரகசியச் சொல்லை அவர் காதில் சொல்ல வேண்டும். இது தொல்லையாக இருப்பதை மாணவர் உணர்வர். பின்னர், சொல்லைச் சரியாகச் சொன்னவர்க்கு எண்ணிட்ட சீட்டு ஒன்றைக் காவலர் தருக. அடுத்த முறை சீட்டைக் காட்டினால் போதும். இதுவே குக்கி.

அடுத்து, உரிமையாளர் தம் தோழரை அனுப்பிப் புத்தகம் ஒன்றை எடுத்துவரச் சொல்க. முதலில் இரகசியச் சொல்லையே தோழரிடம் கூறி அனுப்புக. தோழர் புத்தகத்தோடு பேனாவையும் எடுத்து வரலாம், சொல்லை வேறொருவரிடம் கூறவும் கூறலாம் என்பதை வகுப்பு கண்டுகொள்ளும். பின்னர், ‘புத்தகத்தைப் பார்க்க மட்டும், மணி அடிக்கும் வரை’ என்று எழுதிய சீட்டைக் காவலரே தோழருக்கு வழங்குக. பேனாவைத் தொட்டால் காவலர் தடுப்பார். மணி அடித்தபின் சீட்டு செல்லாது. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை மாணவர்களே தம் சொற்களில் எழுதுமாறு செய்தல் பயனளிக்கும்.

தொகுப்புரை

இயந்திரத்திடம் வேலையை ஒப்படைக்கலாம், திறவுகோலை ஒப்படைத்தல் ஆகாது. மனிதருக்குரிய படிவத்தை நிரப்பி நடிப்பதைவிட, இயந்திரத்துக்கென அமைந்த வாயிலில் நுழைதல் நன்று. அங்கும் வேலைக்கு வேண்டிய அளவே அனுமதி தருதல் வேண்டும். அவ்வனுமதி எவ்வேளையிலும் திரும்பப் பெறத்தக்கதாக இருத்தல் வேண்டும். இவற்றைக் கடைப்பிடிப்பின், நாள்தோறும் 80 நிமிடம் களப்பணிக்கு மீளும். அஞ்சற்பெட்டியில் தம் விவரங்களை ஒப்படைத்த மக்களின் நம்பிக்கையும் காக்கப்படும்.

பயிற்சி வினாக்கள்

1. கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைக்காமல் சேவையகம் சரிபார்ப்பது எவ்வாறு? நிரலுக்கு அது ஏன் இயலாது?

2. குக்கிச் சீட்டுக்கும் ஓஆத் அனுமதிச் சீட்டுக்கும் உள்ள ஒற்றுமை, வேற்றுமைகளைக் கூறுக.

3. கடவுச்சொல் எழுதிய நிரல் ஒன்று பொதுக் களஞ்சியத்தில் ஏற்றப்பட்டுவிட்டது. உடனே செய்யத்தக்கது யாது? காரணம் தருக.

4. உங்கள் அலுவலகத்திலோ பள்ளியிலோ நாள்தோறும் வரும் அஞ்சல்களைப் பட்டியலிடுக. அவற்றுள் எவற்றிற்கு வடிகட்டும் விதியே போதும், எவற்றிற்கு நிரல் வேண்டும் என்று பிரித்துக் காட்டுக.